ஹீட்டருக்குப் பொருந்தும் கணக்கு மோட்டாருக்கு ஏன் பொருந்துவதில்லை? வோல்ட்டும் ஆம்பியரும் கொண்டு ஓமும் வாட்டும் காணும் முறை

கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டிலுள்ள தண்ணீர் ஹீட்டர் ஓடும்போது மின்னழுத்தம் 230 வோல்ட், மின்னோட்டம் 8.7 ஆம்பியர்; அணைத்துவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் அதன் மின்தடை 25.6 ஓம். தோப்பிலுள்ள ஒன்றரை எச்.பி. சிங்கிள் பேஸ் போர்வெல் மோட்டார் ஓடும்போது வீட்டு மீட்டர் பலகையில் அதே 230 வோல்ட், 9 ஆம்பியர். ஆனால் ஸ்டார்ட்டர் பெட்டியில் கழற்றி ரன்னிங் வைண்டிங்கை (மோட்டார் ஓடும்போது வேலை செய்யும் முதன்மைச் சுருளை) அளந்தால் மல்டிமீட்டர் 2 ஓம் என்கிறது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் திறன் என்று பள்ளியில் படித்த கணக்கு ஹீட்டரில் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. மோட்டாரில் ஏன் இவ்வளவு விலகுகிறது, எந்த எண்ணை நம்புவது என்பது அவருடைய ஐயம்.

சூத்திரத்தில் தவறில்லை. அது கேட்கும் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே பொருளின் இரு முனைகளில், ஒரே நேரத்தில், அந்தப் பொருள் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் அளந்தவையாக இருக்க வேண்டும் என்பதும், அந்தப் பொருள் மின்சாரத்தை வெப்பமாக மட்டுமே மாற்றுவதாக இருக்க வேண்டும் என்பதும்தான் பலரும் விட்டுவிடுகிற நிபந்தனைகள். ஹீட்டர் இரண்டையும் நிறைவு செய்கிறது. மோட்டார் இரண்டாவதை மீறுகிறது. நண்பர் அளந்த விதத்தில் முதலாவதும் மீறப்பட்டிருக்கிறது.

எளிதான ஹீட்டரிலிருந்து தொடங்கலாம். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் 26.4 ஓம். 230-ஐ 8.7-ஆல் பெருக்கினால் 2001 வாட். ஹீட்டரின் மேல் 2000 வாட் என்று எழுதியிருக்கும், கணக்கு சரி. மின்தடை தெரிந்துவிட்டால் திறனை வேறு இரண்டு வழிகளிலும் எழுதலாம்: மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கலாம், அல்லது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுக்கலாம். மூன்றும் ஒன்றே. ஆனால் எந்தச் சூழலில் எதை எடுப்பது என்பதில்தான் வேலை தெரிந்தவருக்கும் சூத்திரம் மட்டும் தெரிந்தவருக்கும் வேறுபாடு இருக்கிறது. கம்பியில் வீணாகும் திறனைக் கணக்கிட மின்னோட்ட வர்க்கம், மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது ஹீட்டர் என்ன செய்யும் என்று பார்க்க மின்னழுத்த வர்க்கம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

அப்படியானால் மல்டிமீட்டர் காட்டிய 25.6 ஓமுக்கும் கணக்கில் வந்த 26.4 ஓமுக்கும் இடையே உள்ள வேறுபாடு எதனால்? மல்டிமீட்டர் தன்னுள் இருக்கும் சிறிய பேட்டரியின் சில வோல்ட்டை வைத்து, குளிர்ந்திருக்கும் சுருளை அளக்கிறது. ஓடும்போது சுருள் சூடேறியிருக்கிறது. உலோகம் சூடேறினால் அதன் மின்தடை கூடும். ஹீட்டர் சுருள் நிக்ரோம் என்னும் நிக்கல்-குரோமியக் கலவையால் ஆனது. வெப்பத்துக்கு அதிகம் மாறாத மின்தடை அதற்கு உண்டு என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே வேறுபாடு 3 விழுக்காட்டோடு நின்றுவிட்டது.

பழைய குண்டு பல்பு ஒன்று வீட்டில் கிடந்தால் இதையே அளந்து பாருங்கள். 60 வாட் பல்புக்கு 230-இன் வர்க்கமான 52,900-ஐ 60-ஆல் வகுத்தால் 882 ஓம் வருகிறது. மல்டிமீட்டரோ 60 அல்லது 70 ஓம்தான் காட்டும். மீட்டர் கெட்டுவிடவில்லை, டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியசுக்கு மேல் எரியும்போது அதன் மின்தடை குளிர்ந்த நிலையைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. குளிர்ந்த இழை 65 ஓம் என்றால், சுவிட்சைப் போட்ட அந்த நொடிக்கூறில் 3.5 ஆம்பியர், அதாவது 800 வாட்டுக்கு மேல் அதில் பாய முற்படுகிறது. குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும் கணத்தில் போய்விடுவதன் காரணம் இதுதான்.

ஜார்ஜ் ஓம் தம் விதியை 1827-இல் நூலாக வெளியிடுவதற்கு முன் செய்த சோதனைகளில் இந்த நிலைத்தன்மைக்காகவே மிகவும் மெனக்கெட்டார். அந்தக் காலத்து மின்கலங்கள் தந்த மின்னழுத்தம் நிலையாக நிற்காததால், செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த இணைப்பின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத ஒரு சிறு மின்னழுத்தத்தைப் பெற்றார். கம்பியின் வெப்பநிலை மாறாதிருக்கும் வரை வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் உள்ள விகிதம் மாறாது என்பதுதான் விதி. எப்போதும் மாறாது என்று அவர் சொல்லவில்லை. கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை ஜூல் 1841-இல் வெளியிட்டார்.

மின்னழுத்தம் குறையும்போது என்ன நடக்கிறது என்பதையும் ஹீட்டரை வைத்தே பார்த்துவிடலாம், ஏனென்றால் மோட்டார் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளப் போகிறது. தமிழக-கேரள எல்லையிலுள்ள வாளையாறுக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் வீட்டு இணைப்புக்கு உரிய மின்னழுத்தம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பொள்ளாச்சியில் வாங்கிய ஹீட்டர் பாலக்காட்டுச் சித்தூரிலும் அப்படியே ஓடும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் தாழ்வழுத்த இணைப்பில் 6 விழுக்காடு ஏற்ற இறக்கத்துக்கு இடம் தந்தன. அதன்படி 216 முதல் 244 வோல்ட் வரை. இந்த எல்லைக்குள்ளேயே 2000 வாட் ஹீட்டர் 1767 வாட்டாகவும் ஆகலாம், 2247 வாட்டாகவும் ஆகலாம். திறன் வர்க்கமாக மாறுவதால் 6 விழுக்காடு இறக்கம் ஏறத்தாழ 12 விழுக்காடு இறக்கமாகிவிடுகிறது.

மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 190-இன் வர்க்கம் 36,100. அதை 52,900-ஆல் வகுத்தால் 0.68, ஆகவே 2000 வாட் ஹீட்டர் 1365 வாட்தான் தரும். 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 16,74,000 ஜூல் வேண்டும். 2000 வாட் என்றால் 14 நிமிடம். 1365 வாட் என்றால் 20 நிமிடத்துக்குச் சற்று மேல். ஆனால் இரண்டு வழியிலும் ஓடும் யூனிட் (கிலோவாட் மணி) ஒரே அளவுதான், ஏறத்தாழ 0.47. குறைந்த மின்னழுத்தத்தில் ஹீட்டர் கரண்டைத் தின்கிறது என்று சொல்வது சரியல்ல. நேரத்தைத்தான் தின்கிறது.

இப்போது மோட்டார். 230-ஐ 9-ஆல் வகுத்தால் 25.6 ஓம். மல்டிமீட்டர் 2 ஓம் என்கிறது. இரண்டும் உண்மையான எண்கள். ஆனால் இரண்டும் ஒன்றையே குறிப்பவை அல்ல. 2 ஓம் என்பது செம்புக் கம்பியின் மின்தடை. மோட்டார் அந்தக் கம்பி மட்டுமாக இருந்திருந்தால் 115 ஆம்பியர் ஓடி, கணத்தில் பியூஸ் போயிருக்கும். அப்படி ஓடவிடாமல் தடுப்பது காந்தப்புலம். சுருளில் மாறுதிசை மின்னோட்டம் செல்லும்போது அதன் காந்தப்புலம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்கி, வருகிற மின்னழுத்தத்துக்கு எதிராகச் சுருளிலேயே ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அது 230 வோல்ட்டின் பெரும்பகுதியை எதிர்கொண்டுவிடுவதால் கம்பியின் 2 ஓம் மின்தடைக்கு மிஞ்சுவது சிறு பங்குதான். ஆகவே 25.6 என்பது மின்தடை அல்ல. மின்தடையும் காந்த விளைவும் சேர்ந்து மாறுதிசை மின்னோட்டத்துக்குக் காட்டும் மொத்த எதிர்ப்பு. இதை மின்மறுப்பு என்பார்கள். ஓமில்தான் இதையும் அளக்கிறோம் என்பதால் குழப்பம் நேர்கிறது.

மின்மறுப்பு நிலையான எண்ணும் அல்ல. மோட்டார் சுழன்றுகொண்டிருந்தால் ஓர் அளவு. மணல் அடைத்து நின்றுவிட்டால் மிகக் குறைந்த வேறொரு அளவு. ஸ்டார்ட் செய்யும் கணத்தில் ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுப்பது இதனால்தான்.

திறனுக்கும் இதே கதைதான். 230-ஐ 9-ஆல் பெருக்கினால் 2070. அதை வாட் என்று எழுதினால் தவறு. வோல்ட்-ஆம்பியர் என்று எழுத வேண்டும். மோட்டாரில் மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்ட பிறகு சற்றுப் பின்தங்கித்தான் மின்னோட்டம் உச்சத்தைத் தொடுகிறது. அந்த இடைவெளியில் காந்தப்புலத்தைக் கட்டுவதற்கு எடுத்துக்கொண்ட ஆற்றலின் ஒரு பகுதியை மோட்டார் மின்னோட்டத்தின் ஒவ்வொரு அலைச்சுற்றிலும் லைனுக்கே திருப்பித் தருகிறது. வந்துபோகும் அந்தப் பகுதி ஆம்பியரில் தெரியும், வேலையில் தெரியாது, மீட்டர் யூனிட்டிலும் ஏறாது. உண்மைத் திறனுக்கும் வோல்ட்-ஆம்பியருக்கும் உள்ள விகிதம்தான் திறன் காரணி. எலக்ட்ரீஷியன்கள் பவர் ஃபேக்டர் என்கிறார்கள். ஹீட்டருக்கு அது 1. மோட்டாருக்கு எப்போதும் அதற்குக் கீழே.

திறன் காரணியை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டு மின்னணு மீட்டரே அந்தக் கருவி. அதன் முகப்பில் ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்பது பரவலாகக் காணப்படும் எண். அப்படியானால் 16 முறை சிவப்பு விளக்கு மினுக்கினால் ஒரு யூனிட்டில் 200-இல் ஒரு பங்கு, அதாவது 18,000 ஜூல் கடந்திருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு மினுக்கலைப் பூச்சியம் என்று தொடங்கி பதினாறாவது வரை எத்தனை நொடி என்று பாருங்கள். 18,000-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் உண்மையான வாட். ஹீட்டருக்கு 9 நொடி ஆகும், 2000 வாட். மோட்டாருக்கு 10 நொடி ஆனதாக வைத்துக்கொள்வோம், 1800 வாட். 1800-ஐ 2070-ஆல் வகுத்தால் திறன் காரணி 0.87. டாங் டெஸ்டரை (கம்பியைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் அளக்கும் கருவியை) வைத்துப் பெருக்கிப் பார்த்ததை விட இந்த எண்ணை நான் அதிகம் நம்புவேன். மீட்டரின் முகப்பில் வேறு எண் இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெயர்ப்பலகையில் உள்ள ஒன்றரை எச்.பி. என்பது மோட்டார் தண்டில் கிடைக்கும் திறன், எச்.பி. ஒன்றுக்கு 746 வாட் வீதம் 1119 வாட். மின்சாரமாக உள்ளே போவது எப்போதும் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். 1119 வாட் மோட்டார் 1800 வாட் எடுக்கிறதே என்று மீட்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 1800-இல் எல்லாமே மோட்டாருக்குப் போகிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி. முதல் நிபந்தனை மீறப்பட்டது இங்கேதான்.

நண்பர் மின்னழுத்தத்தை வீட்டுப் பலகையில் அளந்திருக்கிறார். மோட்டாரோ தோப்பில் இருக்கிறது. 150 மீட்டர் தூரம், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்று குறிப்பிட்டிருக்கிறார். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கம்பியின் நீளம் 300 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள செம்புக் கம்பி மீட்டருக்கு 0.0172 ஓம் மின்தடை கொண்டது; 0.0172-ஐ 300-ஆல் பெருக்கி 2.5-ஆல் வகுத்தால் 2.06 ஓம். அதில் 9 ஆம்பியர் ஓடினால் 18.6 வோல்ட் கம்பியிலேயே கழிந்துவிடும். மோட்டாருக்குக் கிடைப்பது 230 அல்ல, 211 வோல்ட்தான். மோட்டாரை அணைத்துவிட்டு அளந்தால் தோப்பிலும் 230 காட்டும், ஏனென்றால் மின்னோட்டம் இல்லாத கம்பியில் மின்னழுத்தம் குறைவதில்லை. ஓடும்போது அளந்தால்தான் குறைவு தெரியும். கம்பியில் வீணாகும் திறன் 9-இன் வர்க்கம் பெருக்கல் 2.06, அதாவது 167 வாட். ஆறு மணி நேரம் தண்ணீர் விட்டால் நாளொன்றுக்கு ஒரு யூனிட் கம்பியைச் சூடாக்கவே போகிறது. மோட்டாருக்கு மெய்யாகப் போவது சுமார் 1630 வாட். 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் மின்தடை 0.86 ஓமாகவும், இழக்கும் மின்னழுத்தம் 7.7 வோல்ட்டாகவும், வீணாகும் திறன் 70 வாட்டாகவும் குறையும். புதிய மோட்டார் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. தண்ணீர் குறைவாக வருகிறது என்று மோட்டாரை மாற்றியவர்கள் பலர், கம்பியை மாற்றியவர்கள் சிலர்.

மின்னழுத்தம் குறைந்தால் ஹீட்டரின் திறன் குறைகிறது என்று பார்த்தோம்; மின்தடை ஏறக்குறைய மாறாததால் அது ஆம்பியரையும் குறைத்துக்கொள்கிறது. மோட்டார் அப்படிச் செய்வதில்லை. கிணற்றின் ஆழமும் ஏற்ற வேண்டிய தண்ணீரும் மாறாததால் மோட்டார் ஏறக்குறைய அதே திறனைத் தந்தே ஆக வேண்டியிருக்கிறது. வோல்ட் குறைந்தால் அதை ஆம்பியரில் ஈடுகட்ட முயல்கிறது. ஆம்பியர் கூடினால் கம்பியிலும் இழப்பு கூடி, மோட்டார் முனையில் வோல்ட் இன்னும் கொஞ்சம் குறைகிறது. வைண்டிங்கில் எழும் வெப்பமோ ஆம்பியரின் வர்க்கமாக ஏறுகிறது.

மல்டிமீட்டர் காட்டிய அந்த 2 ஓம் இங்கேதான் பயன்படுகிறது. அது மோட்டாரின் திறனைச் சொல்லாது. வைண்டிங் எவ்வளவு சூடாகிறது என்பதைச் சொல்லும். ஸ்டார்ட்டிங் வைண்டிங் என்னும் இன்னொரு சுருளின் பங்கை ஒதுக்கிவிட்டுத் தோராயமாகப் பார்த்தால், 9 ஆம்பியரில் 2 ஓம் 162 வாட் வெப்பத்தை எழுப்புகிறது. செம்பின் மின்தடை வெப்பநிலையோடு சீராக ஏறும்: ஒரு வெப்பநிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற, இரண்டோடும் 234.5-ஐக் கூட்டி விகிதம் காண வேண்டும். 30 டிகிரியில் 2 ஓமாக இருந்த வைண்டிங் 90 டிகிரியில் 324.5 வகுத்தல் 264.5 என்னும் விகிதத்தில் ஏறி 2.45 ஓம் ஆகும். அப்போது அதே 9 ஆம்பியர் 198 வாட் வெப்பம் தரும். மின்னழுத்தம் தாழ்ந்து 11 ஆம்பியர் இழுத்தால் 296 வாட். வெப்பம் மின்தடையை ஏற்றுகிறது, ஏறிய மின்தடை வெப்பத்தைக் கூட்டுகிறது. வைண்டிங் கருகுவது இப்படித்தான். பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் கோடையில் காற்றே 40 டிகிரியைத் தொடும் நாட்களில், வெளியே திறந்த வெளியில் நிற்கும் மோனோபிளாக் (பம்பும் மோட்டாரும் ஒன்றாக அமைந்த) மோட்டாருக்கு இது கூடுதல் சுமை. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மோட்டாருக்கு அந்த அளவுக்குத் தொல்லையில்லை.

இதே விகிதத்தைத் திருப்பிப் போட்டால் மோட்டாரின் உட்புற வெப்பநிலையை மதிப்பிடலாம். காலையில் ஓடுவதற்கு முன் அளந்த மின்தடையும், ஓடி நிறுத்திய உடனே அளந்த மின்தடையும் போதும். மோட்டாரைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதைவிட இது நம்பகமானது. வெளி ஓடு ஆறியிருக்கும்போதே உள்ளே வைண்டிங் கொதித்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் 2 ஓம் போன்ற சிறிய மின்தடையை அளக்கும்போது மல்டிமீட்டரின் இரு முனைக் கம்பிகளுக்கே சில பத்திலொரு பங்கு ஓம் மின்தடை உண்டு. முதலில் அந்த இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து என்ன காட்டுகிறது என்று பார்த்து, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 0.3 ஓம் கழிக்காமல் விட்டால் 2 ஓமில் 15 விழுக்காடு பிழை. ஹீட்டரின் 25.6 ஓமில் அதே 0.3 பெரிதாகத் தெரியாது. நண்பர் வீட்டு முனையிலிருந்து அளந்திருந்தால் கம்பியின் 2 ஓமும் சேர்ந்து 4 ஓம் என்று காட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் பெட்டியில் கழற்றி அளந்தது சரியான முறை.

தோப்பில் சோலார் பேனலும் இருப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். நேர்மின்னோட்டத்தில் திறன் காரணி என்ற தொல்லை இல்லை. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் அதுவே வாட். ஆனால் 100 வாட் பேனலின் பின்புறம் திறந்த சுற்று மின்னழுத்தம் 22 வோல்ட், குறுக்குச் சுற்று மின்னோட்டம் 6 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பெருக்கி 132 வாட் என்று கொள்ளக் கூடாது. 22 வோல்ட் இருக்கும்போது ஆம்பியர் பூச்சியம். 6 ஆம்பியர் ஓடும்போது வோல்ட் பூச்சியம். இரண்டும் ஒரே நேரத்தில் அமைவதில்லை. 18 வோல்ட்டும் 5.56 ஆம்பியரும் ஒருசேர நிற்கும் இடத்தில்தான் 100 வாட் கிடைக்கிறது.

மூன்று பேஸ் மோட்டாருக்கு இரண்டு பேஸ்களுக்கு இடையிலான மின்னழுத்தத்தை ஒரு பேஸின் ஆம்பியரால் பெருக்கி, அதை 1.732-ஆலும் திறன் காரணியாலும் பெருக்க வேண்டும். 415 வோல்ட், 7.5 ஆம்பியர், திறன் காரணி 0.82 என்றால் 4420 வாட், 5 எச்.பி. மோட்டாருக்கு இது இயல்பான அளவு. மூன்று பேஸ்களிலும் ஆம்பியர் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் இந்தச் சூத்திரம் செல்லும். ஒன்று மிகவும் விலகியிருந்தால் திறனைக் கணக்கிடுவதை விட்டுவிட்டு ஏன் விலகியது என்று பார்க்க வேண்டும்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. ஓம் அளக்கும் நிலையில் மல்டிமீட்டர் இருக்கும்போது மின்சாரம் கட்டாயம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். மோட்டாரின் கெப்பாசிட்டரையும் மின்னிறக்கம் செய்துவிட்டே தொட வேண்டும். ஆம்பியர் துளையில் கம்பியைச் செருகி வைத்துவிட்டு மறந்துபோய்ச் சாக்கெட்டில் வோல்ட் பார்ப்பது மிக ஆபத்தானது, ஏனென்றால் அந்த நிலையில் மீட்டரின் மின்தடை ஏறத்தாழப் பூச்சியம். சாக்கெட்டின் இரு துளைகளையும் வெறுங்கம்பியால் இணைப்பதும் அதுவும் ஒன்றே. மாறுதிசை மின்னோட்டத்தை அளக்க டாங் டெஸ்டரே பாதுகாப்பானது. பேஸ் கம்பியை மட்டும் அதன் வாய்க்குள் விட வேண்டும், நியூட்ரலையும் சேர்த்து விட்டால் இரண்டும் ஒன்றையொன்று நீக்கிப் பூச்சியம் காட்டும். டாங் டெஸ்டர் இரண்டு மூன்று விழுக்காடு கூட்டியோ குறைத்தோ காட்டக்கூடியது என்பதால் விடையை 26.4368 ஓம் என்று எழுதுவதில் பொருளில்லை. ஹீட்டருக்கு 26 ஓம், 2 கிலோவாட்; மோட்டாருக்கு மீட்டர் பலகையில் 1.8 கிலோவாட், திறன் காரணி 0.87, வைண்டிங் மின்தடை 2 ஓம் என்று குறித்துக்கொண்டால் போதுமானது.